பார்த்தது கரியா, தரையா?

"கரியிலே டிரான்ஸிஸ்டர் செய்கிறார்களாமே! அதன் மேல் வெளிச்சம் பட்டால் என்னவோ ஆகிறதாமே! அது என்ன ஏது என்று விசாரித்து, நம் வாசகர்களுக்குப் புரிகிறாற்போல் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார் ஆசிரியர்.

நான் கல்லூரியில் படித்தது பொருளாதாரம். டிரான்ஸிஸ்டர் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தாத்தா வீட்டுத் திண்ணையில் தோலுறை மாட்டி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த பாட்டுப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இருந்த சின்னஞ்சிறு உறுப்புக்குத்தான் உண்மையில் அந்தப் பெயர் என்பதும், உறுப்பின் பெயரைச் சொல்லியே பெட்டியைக் கூப்பிட்டு வந்தோம் என்பதும் வெகு காலம் கழித்தே எனக்குத் தெரிந்தது.

நல்ல வேளையாக, சென்னைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பௌதிகம் கற்பிக்கும் அம்மையார் ஒருவர் கைகொடுக்க முன்வந்தார். பெயர் போடக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. இன்னொரு நிபந்தனைதான் விசித்திரமானது.

"கல்லூரியில் உட்கார்ந்து பேசினால் நான் பத்து நிமிஷத்தில் கரும்பலகைக்குப் போய்விடுவேன், தம்பி. நீங்கள் தூங்கிவிடுவீர்கள். முட்டுக்காட்டுக்கு வாருங்கள். சொல்ல வேண்டியது எல்லாம் அங்கே கண்ணுக்கு எதிரே கிடக்கிறது. முதலில் சட்டி, பிறகு படகு" என்றார்.

சட்டிக்கும் டிரான்ஸிஸ்டருக்கும் என்ன சம்பந்தம்? புரியாமலேதான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினேன்.

சட்டியில் ஒளிந்திருந்த குழாய்

முட்டுக்காட்டில் 1996-ஆம் வருஷம் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவை அநேக வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். தென்னாட்டுப் பழைய வீடுகளை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, பிரித்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்களே, அந்த இடம். அங்கே குயவர் ஒருவர் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுட்ட சட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றில் உட்புறம் கறுத்த ஒன்றை எடுத்து அம்மையார் என்னிடம் நீட்டினார்.

"தடவிப் பாருங்கள். விரலில் ஒட்டுகிறதா?"

"இல்லை."

"இதே மாதிரி உட்புறம் கறுத்த பானை ஓடுகள் கீழடியில் கிடைத்தன. கி. மு. ஆறாம் நூற்றாண்டு. இரண்டாயிரத்து அறுநூறு வருஷமாகியும் அந்தக் கறுப்பு உதிரவில்லை. ஏன் உதிரவில்லை என்று பார்க்கப் போனவர்களுக்குத்தான் குழாய் அகப்பட்டது."

விஷயம் இதுதான். வேலூர் வி. ஐ. டி. பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்பட ஓர் ஆராய்ச்சிக் குழுவினர், கீழடி ஓடுகளின் கறுப்புப் பூச்சைச் சக்தி வாய்ந்த எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். கரி அணுக்களால் ஆன மெல்லிய குழாய்கள் தெரிந்தன. 2020 நவம்பரில் முடிவை வெளியிட்டார்கள். மனிதன் செய்த பொருள்களில் இவ்வளவு பழமையான கார்பன் நானோ குழாய்கள் அதுவரை கண்டுபிடிக்கப்பட்டதில்லை. ஏதோ ஒரு தாவரச் சாற்றைப் பூசிச் சூளையில் சுட்டபோது, அந்த உஷ்ணத்தில் அவை உண்டாகியிருக்கலாம் என்பது அவர்களுடைய ஊகம்.

நம் முன்னோர்கள் நானோ விஞ்ஞானத்தில் கரை கண்டவர்கள் என்று உடனே மார் தட்டக் கிளம்பிவிட வேண்டாம். கீழடிக் குயவருக்குத் தெரிந்தது நல்ல பானை. குழாய் அதில் தானாக வந்தது. தென்னிந்திய உருக்கிலிருந்து அடித்ததாகச் சொல்லப்படும் டமாஸ்கஸ் வாள் சமாசாரமும் இப்படித்தான். பதினேழாம் நூற்றாண்டு வாள் ஒன்றின் துண்டில் இதே குழாய்களை 2006-இல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து விஞ்ஞானிகள் கண்டார்கள். அந்தக் கொல்லனும் எதையும் குழாய் என்று நினைத்து அடிக்கவில்லை.

வேண்டுமென்றே பார்த்து, இதுதான் அமைப்பு என்று உலகத்துக்குச் சொன்னவர் ஜப்பானிய விஞ்ஞானி ஸுமியோ ஈஜிமா. அது 1991-இல். ரஷ்யாவில் 1952-லேயே இருவர் இம்மாதிரிக் குழாய்களின் படம் போட்டிருந்தார்கள். ரஷ்ய பாஷையில் போட்டதால் வெளியே அதிகம் பேர் படிக்கவில்லை. பாஷையால் புகழ் தவறிப் போவது கதாசிரியர்களுக்கு மட்டும் நேர்வதல்ல போலும்!

பென்சில் எழுதும்போது காகிதத்தில் ஒட்டுகிறதே, அந்தக் கரியின் ஒற்றை அணுத் தாள் ஒன்றைப் பாயைச் சுருட்டுவது போல் சுருட்டி விளிம்புகளை ஒட்டினால் ஒரு நானோ குழாய். குறுக்களவு ஏறக்குறைய ஒரு நானோ மீட்டர். அதாவது ஒரு மில்லி மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமயிரின் அகலத்தில் ஐம்பதாயிரம் குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தாலும் இடம் மிச்சம் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. பாயை நேராகச் சுருட்டுவதும் சற்றுக் கோணலாகச் சுருட்டுவதும் நமக்கு ஒன்றுதான். குழாய்க்கு அப்படி இல்லை. சுருட்டிய கோணத்தைப் பொறுத்து அது தாமிரக் கம்பி மாதிரி உலோகமாகவும் ஆகலாம். ஸிலிக்கன் மாதிரி 'அரைக் கடத்தி'யாகவும் ஆகலாம். தன் போக்கில் வளர விட்டால் மூன்றில் ஒன்று உலோகம், மூன்றில் இரண்டு அரைக் கடத்தி. டிரான்ஸிஸ்டருக்கு வேண்டியது இரண்டாவது ஜாதி.

மணல்மேடும் கதவும்

நாலு மணிக்குப் படகுத் துறைக்கு வந்தோம். வார நாள் ஆதலால் கூட்டம் இல்லை. துடுப்புப் படகு ஒன்றை அமர்த்திக்கொண்டோம். படகோட்டிக்கு ஐம்பது வயது இருக்கும். நாங்கள் பேசுவதைக் கேட்டும் கேளாததுமாகத் துடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இங்கே கடலுக்கும் கழிக்கும் நடுவில் என்ன இருக்கிறது?" என்று அம்மையார் அவரையே கேட்டார்.

"மணல்மேடுதாங்க, அம்மா. கோடையிலே மூடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலே தண்ணி ஏறிச்சுன்னா உடைச்சுக்கும்."

"அவ்வளவுதான் டிரான்ஸிஸ்டர்!" என்று என் பக்கம் திரும்பினார். "கழி ஒரு முனை, கடல் இன்னொரு முனை. நடுவில் இருக்கும் வாய்க்கால்தான் நானோ குழாய். மணல்மேடு ஏறினால் ஓட்டம் நிற்கும், தணிந்தால் ஓடும். டிரான்ஸிஸ்டரில் அந்த மேட்டை ஏற்றி இறக்குவதற்கு மூன்றாவது முனை ஒன்று உண்டு. அதற்குக் கதவு என்று பெயர். குழாய்க்கு அடியில் மெல்லிய கண்ணாடி போன்ற படலம். அதற்கும் அடியில் ஸிலிக்கன் தரை. தரைக்கு மின் அழுத்தம் கொடுத்தால், தொடாமலே குழாயில் ஓட்டம் கூடும், குறையும்."

இப்படி ஓர் ஒற்றைக் குழாயை வைத்து முதன் முதலில் 1998-இல் டிரான்ஸிஸ்டர் செய்து காட்டியவர்கள் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் இருந்த டெக்கர் குழுவினர். அதே வருஷத்தில் அமெரிக்க ஐ. பி. எம். கம்பெனியில் அவூரிஸ் குழுவினரும் செய்தார்கள்.

இனித்தான் கதை சுவாரஸ்யம். ஸிலிக்கன் துண்டில் மின்சாரம் உள்ளே ஓடும். வெளியே தோல் மாதிரி ஒரு மேற்பரப்பு. நானோ குழாயிலோ உள்ளே என்பதே கிடையாது! ஒவ்வோர் அணுவும் மேற்பரப்பில்தான் இருக்கிறது. போர்வை இல்லாமல் கடற்கரையில் படுத்தவன் கதிதான் அதற்கு. காற்றில் வைத்தால் ஒரு குணம், காற்றை அகற்றினால் இன்னொரு குணம். குழாயின் முனை உலோகத்தைத் தொடும் இடத்தில் பிராணவாயு வந்து ஒட்டிக்கொண்டால், மின்சாரத்தை எலெக்ட்ரான்கள் சுமப்பதற்குப் பதிலாக, எலெக்ட்ரான் இல்லாத 'காலியிடங்கள்' சுமக்கின்றன. வெற்றிடத்தில் சுட வைத்துப் பிராணவாயுவை விரட்டினால் மறுபடி எலெக்ட்ரான்கள் சுமக்கத் தொடங்கிவிடும். முனைக்குப் பல்லேடியம் என்ற உலோகத்தைப் போட்டால் காலியிடங்களுக்குத் தடையே இல்லாமல் வழி திறக்கிறது என்று 2003-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கண்டார்கள்.

ஈரமும் சும்மா விடுவதில்லை. கதவின் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போய் ஒரு கோடு வரையுங்கள். அப்படியே இறக்கிக்கொண்டே வந்து இன்னொரு கோடு வரையுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும் அல்லவா? விழுவதில்லை! போன வழி வேறு, வந்த வழி வேறு. அடித் தரையில் ஒட்டிய நீர்த் திவலைகள் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நேரம் தாழ்த்தித் தருவதால் வரும் தொல்லை இது.

"நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டியே போகும்" என்றார் அம்மையார்.

ஒருவருக்குத் தொல்லையாக இருப்பது இன்னொருவருக்கு உதவி. எதையும் மோந்து பார்க்கும் மூக்காக இதை வைத்துக்கொள்ளலாமே! அம்மோனியா வாயு பட்டால் குழாயில் ஓட்டம் குறைகிறது; நைட்ரஜன் டை ஆக்ஸைடு பட்டால் கூடுகிறது. இதை 2000-த்திலேயே காட்டிவிட்டார்கள். இதே முட்டுக்காட்டில் உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் பரிசோதனைக் குளங்கள் இருக்கின்றன. இறால் வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அம்மோனியா என்றால் என்ன பயம் என்று சொல்லுவார்கள். ஆனால் இந்த மூக்கு ஒரு தடவை மோந்துவிட்டால் அந்த வாசனையை விட மணிக்கணக்காகும். புற ஊதாக் கதிரைக் காட்டினால் ஒட்டியிருந்த வாயு சட்டென்று உதிர்ந்துவிடுகிறது.

"வெளிச்சம் வந்துவிட்டதே!" என்றேன்.

"வந்துவிட்டது. அங்கேதான் என் மாணவி அகப்பட்டுக்கொண்டாள்" என்றார்.

இரவில் ஒன்று, பகலில் ஒன்று

அந்தப் பெண் மூன்று வருஷம் இந்த ஆராய்ச்சியில் இருந்தவள். அவள் செய்த டிரான்ஸிஸ்டர் பகலில் ஒரு மாதிரியும் இரவில் வேறு மாதிரியும் கணக்குக் காட்டியது. முதலில் கம்பி தளர்ந்திருக்கிறது என்று நினைத்தாள். பிறகு ஒரு நாள் கூடத்து விளக்கை அணைத்தபோது மானியின் முள் இறங்கியது, போட்டபோது ஏறியது. மறுபடி அணைத்தாள், மறுபடி இறங்கியது. அன்று அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வந்திருக்காது.

வெளிச்சம் பட்டால் டிரான்ஸிஸ்டர் விழித்துக்கொள்வது புதிதல்ல. 1950-களில் மல்லார்டு கம்பெனி செய்த ஓ. ஸி. 71 என்ற டிரான்ஸிஸ்டர் கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும். வெளியே கறுப்புச் சாயம் பூசியிருக்கும். வெளிச்சத்துக்கென்றே தனியாக ஒன்றை அந்தக் கம்பெனி அதிக விலைக்கு விற்றது. ரேடியோப் பைத்தியங்கள் லேசுப்பட்டவர்களா? விலை குறைந்ததை வாங்கிப் பிளேடால் சாயத்தைச் சுரண்டிவிட்டு அதையே ஒளிக் கண்ணாக வைத்துக்கொண்டார்கள்!

ஆனால் கரிக் குழாயின் கதை சற்றுச் சிக்கலானது. வெளிச்சம் விழுந்தால் எலெக்ட்ரான் ஒன்று எழும்பும். அது விட்டுப் போன காலியிடம் ஒன்று இருக்கும். ஸிலிக்கனில் இரண்டும் தத்தம் வழியே போய்விடும். குழாயிலோ இடம் அவ்வளவு ஒடுக்கம். இரண்டும் புது மணத் தம்பதிபோல் ஒன்றையொன்று விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பலமாகப் பிடித்து இழுத்துப் பிரித்தால்தான் மின்சாரம். அந்த இழுவிசை அதிகம் இருப்பது குழாய் உலோகத்தைத் தொடும் இரண்டு முனைகளிலும்தான். ஆகவே குழாயின் சொந்த ஒளி மின்சாரம் மிகச் சிறியதாகவே இருக்கும்.

மாணவியின் மானியில் காட்டியதோ பெரிய ஏற்றம். அவள் அதை அழகாகப் படம் வரைந்து, கட்டுரையும் எழுதிவிட்டாள். பத்திரிகைக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"நான் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்" என்றார் அம்மையார். "பார்த்தது கரியா, தரையா?"

குழாய்க்கு அடியில் ஸிலிக்கன் தரை இருக்கிறது என்றேன் அல்லவா? அதன் மேலும் அதே வெளிச்சம்தான் விழுகிறது. ஸிலிக்கனுக்குள் எலெக்ட்ரான்கள் கிளம்பி, படலத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தால், கதவின் அழுத்தத்தை யாரோ திருகிவிட்டாற்போல் ஆகிவிடும். மேலே இருக்கும் குழாய் வெளிச்சத்தைப் பார்க்கவே இல்லை, கீழே தரை பார்த்தது, மணல்மேடு அசைந்தது, குழாயில் ஓட்டம் கூடியது! மானி முள்ளுக்கு வித்தியாசம் தெரியாது.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆயிரத்து நூறு நானோ மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள அகச் சிவப்புக் கதிர் ஸிலிக்கனில் புகுந்து மறுபக்கம் போய்விடும். ஸிலிக்கன் அதைக் கண்டுகொள்ளாது. தகுந்த பருமனுள்ள நானோ குழாய் அதையும் உறிஞ்சும். ஆகவே ஆயிரத்து ஐந்நூறு நானோ மீட்டர் விளக்கைக் கடன் வாங்கிவந்து காட்டச் சொன்னார் அம்மையார். காட்டினாள். முள் அசையவே இல்லை என்று சொல்லும்படி இருந்தது.

இன்னொரு சோதனை: ஏற்றம் எவ்வளவு நேரத்தில் வருகிறது? கண் இமைப்பதற்குள் வந்தால் அது எலெக்ட்ரான் வேலை. நிமிஷக் கணக்கில் நகர்ந்து நகர்ந்து வந்தால் ஒட்டியிருந்த பிராணவாயு உதிர்கிறது என்று பொருள். அவளுடைய படத்தில் அதுவும் கலந்திருந்தது. வெற்றிடப் பெட்டியில் வைத்ததும் அந்தப் பகுதி கழன்றுகொண்டது.

"இரண்டு நாள் கூடத்துப் பக்கமே வரவில்லை, தம்பி. 'மூன்று வருஷம், அம்மா!' என்று போனில் ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அந்தக் கட்டுரை வெளியாகியிருந்தால் அவளுக்கு வெளிநாட்டு உதவித் தொகை கிடைத்திருக்கும். கேள்வி கேட்காமலே இருந்திருக்கலாமோ என்றுகூட எனக்கு ஒரு ராத்திரி தோன்றியது."

துடுப்புப் போடுவது நின்றிருந்தது. படகோட்டியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வந்தாள். ஸிலிக்கன் தரையே வேண்டாம் என்று குவார்ட்ஸ் என்னும் படிகக் கண்ணாடியின் மேல் புதிதாகக் குழாய் பரப்பினாள். அதற்கே ஐந்து மாதம் ஆயிற்று. ஊசி முனை போன்ற லேசர்ப் புள்ளியைக் குழாயின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெல்ல நகர்த்திப் பார்த்தாள். நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு முனையில் துளி மின்சாரம். மறு முனையில் அதே துளி மின்சாரம், ஆனால் எதிர்த் திசையில்! ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பினாள். குழாயின் நீளவாட்டில் அதிர்ந்தபோது கூடியது, குறுக்குவாட்டில் குறைந்தது. ஸிலிக்கனுக்கோ பிராணவாயுவுக்கோ இந்தக் குணம் வராது. ஐ. பி. எம். காரர்கள் 2003-இல் கண்டு சொன்ன அதே அடையாளம். பார்த்தது கரிதான்!

முதலில் வந்த ஏற்றத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை அது. உலகத்துக்குப் புதிதும் அல்ல.

"ஆய்வேட்டில் அந்தப் பழைய படத்தையும் சேர்த்தாள். நான் சொல்லவில்லை. அவளாகவே, படத்துக்குக் கீழே 'இது ஸிலிக்கனின் வேலை' என்று எழுதிச் சேர்த்தாள்" என்றார்.

படகைத் திருப்பினோம். மற்ற விஷயங்களைக் கரை சேர்வதற்குள் கேட்டு முடித்தேன். குழாய் வெளிச்சத்தைப் பார்ப்பது மட்டுமல்ல, தருவதும் உண்டாம். ஒரு முனையிலிருந்து எலெக்ட்ரானையும் மறு முனையிலிருந்து காலியிடத்தையும் அனுப்பினால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் அகச் சிவப்பு ஒளி பிறக்கும். அதுவும் 2003-இல் கண்டதே. அதே வருஷம் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அஜய் ஸூத் குழுவினர், குழாய்க் கற்றையின் மேல் திரவத்தை மெல்ல ஓட விட்டாலே மின் அழுத்தம் உண்டாகிறது என்று காட்டினார்கள்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் ஸ்டான்ஃபோர்டில் 2013-இல் 178 நானோ குழாய் டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் செய்தார்கள். உலோகக் குழாய் ஒன்று கலந்தாலும் கதவு மூடாது என்பதால் ஒரு தந்திரம் செய்தார்கள்: நல்ல குழாய்களை எல்லாம் கதவு போட்டு மூடிவிட்டு, பலத்த மின்சாரத்தை விட்டார்கள். திறந்து கிடந்த உலோகக் குழாய்கள் மட்டும் எரிந்து போயின! 2019-இல் அமெரிக்காவின் எம். ஐ. டி.யில் 14,000-க்கு மேற்பட்ட டிரான்ஸிஸ்டர்களுடன் ஒன்று செய்தார்கள். அது தன்னைத் தானே அறிமுகம் செய்துகொண்டு உலகத்துக்கு வணக்கம் சொல்லியது. இந்த இரண்டாவதில் குழாய்களைக் காற்றுப் படாமல் ஆக்ஸைடு படலத்தால் மூடிவிட்டார்கள். கணக்குப் போட வேண்டுமானால் போர்த்த வேண்டும். மோந்து பார்க்க வேண்டுமானால் திறந்து வைக்க வேண்டும். ஒரே குழாய்க்கு இரண்டு உத்தியோகம்.

கரையில் இறங்கும்போது படகோட்டி காசை வாங்கிக்கொண்டு சற்றுத் தயங்கி நின்றார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்ணுது?"

"வேலை கிடைத்துவிட்டது, ஐயா. வெளியூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடம். சேர்ந்த அன்றைக்கே ஜன்னல் இல்லாத அறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம்."